ஊசியில் தேடிய பிழை: ஒரு நைட்ரோ ஹெலிகாப்டர் கிட் கட்டப்பட்டதும் விழுந்ததும்

பின்னணி

கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். வயது முப்பத்தைந்து. பள்ளிக் காலத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் பால்சா மரத்தில் கிளைடர் செய்த பழக்கம் உண்டு. 2008 செப்டம்பரில் எஞ்சின், ரேடியோ, வாலை நிலைப்படுத்தும் ஜைரோ எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் அளவில் செலவு செய்து ரேடியோவில் இயக்கும் ஒரு நைட்ரோ மாதிரி ஹெலிகாப்டர் கிட் வாங்கினார். கட்டி முடிக்க ஒன்பது வாரம் ஆனது. பதினோராவது டேங்கில், அதாவது பதினோராவது முறை எரிபொருள் நிரப்பி ஓட்டியபோது, அது விழுந்தது. ஏன் விழுந்தது என்பது விழுந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இங்கே அவரைக் கட்டுநர் என்றே குறிப்பிடுகிறேன். அவருக்குத் துணையாக வந்தவர் மூத்தவர் ஒருவர். கயிற்றுக் கட்டுப்பாட்டு விமானக் காலத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் குளோ எஞ்சின், அதாவது தீப்பொறிக்குப் பதில் கனலும் பிளக்கால் எரியும் சிறு எஞ்சின், ஓட்டியவர், ஹெலிகாப்டரில் மட்டும் அனுபவம் குறைவு. மூன்றாவது ஆள் நான். களத்தில் நோட்டுப் புத்தகமும் ஸ்டாப் வாட்சும் என் கையில் இருந்தன. தவறான ஆலோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிட் ஐம்பது வகுப்பு. அதாவது 0.50 கன அங்குலம், ஏறக்குறைய 8.2 சிசி எஞ்சின், 600 மி.மீ. நீள பிளேடு இரண்டு. எரிபொருள் இல்லாமல் மூன்றேகால் கிலோ எடை. எஞ்சின் எட்டரை முறை சுழன்றால் மேல் ரோட்டர் ஒரு முறை சுழலும். ரோட்டர் தலையில் ஃப்ளைபார் உண்டு. பெல் நிறுவனத்துக்கு ஆர்தர் யங் கொண்டுவந்த நிலைப்படுத்தும் தண்டையும் ஸ்டான்லி ஹில்லரின் துடுப்பு முறையையும் கலந்த அமைப்பு அது. 1970 வாக்கில் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் மாதிரி ஹெலிகாப்டரை ஒழுங்காகப் பறக்க வைத்துக் காட்டிய பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலான கிட்டுகளுக்கு இந்தக் கலவைதான் அடிப்படை. மூன்று ஜைரோ கொண்ட மின்னணுப் பெட்டி வந்து ஃப்ளைபாரை ஒழித்தது பின்னால்.

எரிபொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த குழப்பத்துக்கு அதுதான் விதை. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்ததுதான் இந்த எரிபொருள். தமிழ்நாட்டில் மெத்தனால் கடையில் போய் லிட்டர் கணக்கில் வாங்கிவரும் சரக்கு அல்ல. 1959 ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உரிமம் வேண்டும். காரணம் எல்லோருக்கும் தெரியும், கள்ளச்சாராயம். அதனால் நாங்கள் எதையும் கலக்கவில்லை. வெளிமாநில வியாபாரி ஒருவர் கலந்து, மூடி முத்திரையிட்டு விற்றதை வாங்கினோம். 15 சதவீதம் நைட்ரோ, 20 சதவீதம் எண்ணெய் என்று டப்பாவில் எழுதியிருந்தது. எண்ணெயில் ஒரு பங்கு நம் விளக்கெண்ணெய். கலவையை நாமே பார்க்கவில்லை என்பதால், எது நடந்தாலும் முதல் சந்தேகம் அந்த டப்பாவின் மேல்தான் விழுந்தது.

கட்டுமானம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

கட்டுநர் பொறுமைசாலி. இரவு ஒன்பது மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பையாகத் திறந்து, கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டுத்தான் வைப்பார். பினியன் என்னும் சிறிய கியருக்கும் பெரிய கியருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்துச் சுற்றி, காகிதம் கிழியாமல் மடிப்பு விழுந்து வரும் அளவுக்கு இடைவெளி வைத்தார். பிளேடு இரண்டின் எடையையும் எடை மையத்தையும் தனித்தனியாகச் சமன் செய்தார். கட்டுப்பாட்டுக் கம்பிகளின் முனையிலுள்ள பால் லிங்க்குகளை ஒவ்வொன்றாக, தன் எடையிலேயே விழும் அளவுக்குத் தளர்த்தினார். ஜைரோ திசையை மூன்று முறை சோதித்தார். அது தலைகீழாக இருந்தால் ஹெலிகாப்டர் தரையை விட்டதும் பம்பரமாகிவிடும். ஸ்டிக் நடுவில் பிளேடு கோணம் ஐந்தரை டிகிரி, மேலே பத்து, கீழே கழித்தல் இரண்டு. பழகுபவருக்குச் சரியான அளவுகள்.

மூன்று இடங்களில் மட்டும் அவருடைய கவனம் தவறியது. அப்போது எங்களில் யாருக்கும் அது தெரியாது.

முதலாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியைப் பொருத்தியது. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் மேல் காலெட் என்னும் பிளவுபட்ட ஒரு கூம்பு வளையம், அதன் மேல் விசிறியின் உலோக மையம், மேலே நட்டு, அதன் மேல் கிளச். நட்டை இறுக்கும்போது கிராங்க் சுழலாமல் இருக்க, குளோ பிளக் துளை வழியாகப் பிஸ்டனைப் பூட்டும் ஒரு சிறு கருவி வேண்டும். அது அவரிடம் இல்லை. விசிறியைத் துணி சுற்றி இடது கையில் பிடித்து, வலது கையால் ஸ்பேனரைப் போட்டார். கழன்றுவிடக் கூடாது என்ற பயத்தில் திரெட்லாக் பசையைத் தாராளமாக விட்டார். பட்டறைகளில் எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் லாக்டைட் என்றே சொல்வார்களே, அதுதான். கையேட்டில் அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு படமும் நட்டை நன்றாக இறுக்கவும் என்ற ஒரு வரியும். ஆட்டம், அதாவது சுற்றும்போது மையம் விலகி ஓடுகிறதா என்று, பார்க்கச் சொல்லவில்லை.

இரண்டாவது, எஞ்சினை மவுண்ட்டில் பிடிக்கும் நான்கு ஆலன் ஸ்க்ரூ. ஆலையிலிருந்து வரும்போது அவற்றில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஸ்பிரிட்டில் கழுவித் துடைக்காமல் பசை போட்டால் அது சரியாகப் பிடிக்காது. கழுவவில்லை.

மூன்றாவது, சுழலும் பிளேடு வெளியே இழுக்கும் விசையைத் தாங்க, பிளேடு பிடியின் உள்ளே இருக்கும் திரஸ்ட் பேரிங். அதன் இரண்டு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் துளை மட்டும் மயிரிழை பெரிது. பெரிய துளை உள்பக்கம் ரோட்டர் மையத்தை நோக்கியும், சிறிய துளை வெளிப்பக்கம் போல்ட்டை நோக்கியும் வர வேண்டும். இரண்டு பிடிகளில் ஒன்றில் மாறிப் போயிருந்தது.

முதல் ஓட்டமும் காணப்பட்டவையும்: ஜனவரி, பிப்ரவரி 2009

பறக்கவிட்ட இடம் நகரின் மேற்கே, மலை அடிவாரப் பக்கம் விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவு. விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் கிழக்கே இருப்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. காலை ஆறரை முதல் எட்டரை வரை. ஆள் நடமாட்டம் கிடையாது. செம்மண் தரை, நடுவில் ஒரு சிமெண்ட் மேடை.

எஞ்சின் முதல் நாளே எளிதாகக் கிளம்பியது. கட்டுநர் ரோட்டர் தலையைக் கையால் பிடித்துக்கொள்ள, மூத்தவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றினார். கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்திருந்தோம். முதல் இரண்டு டேங்க் புது எஞ்சினைப் பழக்கும் ஓட்டம். நல்ல புகை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம், அவ்வளவுதான்.

மூன்றாவது டேங்கிலிருந்து என் நோட்டில் இரண்டு குறிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று: டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும், புகை மெலியும், எரிபொருள் போதாமல், அதாவது லீனாக ஓடும் எஞ்சினின் எல்லா அறிகுறியும் தெரியும். இரண்டு: வால் நிற்காது. கையை எடுத்தால் மூக்கு மெதுவாக இடப்பக்கம் போகும். ஒரு நாள் வலப்பக்கம். வாலைத் திசை மாறாமல் பிடித்து நிறுத்தும் ஹெடிங் ஹோல்டு வகை ஜைரோ இருந்தும் இப்படி.

ஐந்தாவது டேங்க் அன்று இன்னொன்றும் எழுதியிருக்கிறேன்: “வால் துடுப்பின் ஓரம் மங்கலாகத் தெரிகிறது.” எழுதியதோடு சரி. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

எஞ்சின் லீனாகிறது என்றால் ஊசியைத் திற. குளோ எஞ்சின் ஓட்டும் யாருக்கும் இது அனிச்சையாக வரும் பதில். மூத்தவர் திறக்கச் சொன்னார், நானும் சொன்னேன். ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு, கடைசியில் இரண்டேகால் சுற்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரியானது. டேங்கின் முதல் பாதியில் எஞ்சின் எண்ணெய் துப்பியது, பின்பாதியில் மீண்டும் மெலிந்தது.

அடுத்து பிளக்கை மாற்றினோம். பிறகு சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் தரும் குழாயை. பிறகு டேங்கின் உள்ளே எரிபொருளை உறிஞ்சும் எடைத்தலையை. எதிலும் ஓட்டை இல்லை, அடைப்பில்லை. டப்பாவின் மேல் சந்தேகப்பட்டு, அதே வியாபாரியிடமிருந்து வேறு டப்பா வரவழைத்தோம். மாற்றமில்லை.

ஏழாவது டேங்கில்தான் டேங்குக்குள் நுரை இருப்பதைப் பார்த்தோம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டேங்க், இறக்கி வைத்த கையோடு குனிந்து பார்த்தால் மேற்பரப்பில் சோப்புத் தண்ணீர் போல நுரை. அங்கே நாங்கள் நின்றிருக்க வேண்டும். நுரை ஏன் வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டது வேறு: நுரையை எப்படி அடக்குவது? டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே எப்போதும் நிரம்பியே இருக்கும் ஒரு சிறிய துணை டேங்க் வைத்தால் குமிழி எஞ்சினுக்குப் போகாது. வைத்தோம். பலன் தெரிந்தது, தடுமாற்றம் பாதி டேங்கில் வந்தது போய், கால் டேங்கில் வந்தது. டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் அடைத்தோம். சிலிக்கான் பாலிஷ் இரண்டு துளி விட்டால் நுரை அடங்கும் என்று ஒருவர் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை.

வால் பிரச்சினையைத் தனிக் கதையாக எடுத்துக்கொண்டோம். ஜைரோவை ஒட்டியிருந்த பஞ்சு டேப்பை இரட்டிப்பாக்கினோம். அதிலும் பலன் இருந்தது.

இந்தப் பலன்கள்தான் எங்களை ஏமாற்றின என்பது என் கருத்து. எதைச் செய்தாலும் துளியும் மாறாமல் இருந்திருந்தால் வேறு பக்கம் திரும்பியிருப்போம். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டே வந்ததால், சரியான பாதையில்தான் போகிறோம் என்று நம்பினோம்.

விபத்து: மார்ச் 2009

பதினோராவது டேங்க். காற்றில்லாத காலை. பழகுவதற்காகச் சறுக்குக் கட்டையின் அடியில் கட்டியிருந்த குறுக்குக் கம்பிகள் அப்படியே இருந்தன. கட்டுநர் வாலைத் தன் பக்கம் வைத்து, ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் நிறுத்திப் பழகிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நிமிடம் சத்தம் ஏறியது, கீச்சென்று உயர்ந்தது, நின்றது.

எஞ்சின் நின்றாலும் ரோட்டர் ஒருவழிப் பேரிங்கில் தானாகச் சுழலும். அதில் தேங்கியிருக்கும் சுழற்சிதான் இறங்குவதற்கான கையிருப்பு. இரண்டு மீட்டரில் செய்ய வேண்டியது, கோணத்தை இருந்த இடத்தில் வைத்து, தரைக்கு அருகில் வரும்போது மட்டும் அந்தக் கையிருப்பைச் செலவழிப்பது. விழுவதைக் கண்ட பழகுநர் கை மேலேதான் இழுக்கும். அவர் கையும் இழுத்தது. பிளேடு கோணம் முழுதாக ஏறி, ரோட்டர் வேகம் சட்டென்று செத்தது. கடைசி ஒரு மீட்டர் அது பறக்கவில்லை, விழுந்தது. வேகமிழந்து தொய்ந்திருந்த பிளேடு அதிர்ச்சியில் கீழே வளைந்து வால் குழாயை வெட்டியது.

சேதம்: பிளேடு இரண்டு, வால் குழாய், வால் பெல்ட், மெயின் ஷாஃப்ட், பிளேடு பிடிகளைத் தாங்கும் குறுக்கு ஷாஃப்ட், ஒரு சறுக்குக் கட்டை, குறுக்குக் கம்பிகள். பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். ஆளுக்கு ஒன்றும் இல்லை. எட்டு மீட்டர் தள்ளி நிற்பது என்ற விதியை மூத்தவர் முதல் நாளிலிருந்தே விடாப்பிடியாகக் காத்தார். விழுந்ததும் அவர் செய்த முதல் காரியம், கிட்டே ஓடியவர்களைத் தடுத்து, உள்ளங்கையைத் தூரத்தில் நீட்டிச் சூடு வருகிறதா என்று பார்த்தது. மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

லேத் பட்டறையில்

உதிரி பாகங்கள் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். காத்திருக்கப் பொறுக்காமல், வளைந்த மெயின் ஷாஃப்ட்டை நிமிர்த்த முடியுமா என்று கேட்க, கணபதியில் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குக் கட்டுநர் போனார். நானும் கூடப் போனேன். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் வைத்து, டயல் கேஜைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இதைய நிமித்துனா நாலு நாளைக்கு நிக்கும், அப்புறம் மறுக்கா வளையும். புதுசே போட்டுருங்க தம்பி,” என்றார். பிறகு பையிலிருந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு, “இது எத்தன ஸ்பீடு ஓடுதுங்க?”

“பறக்கையில பன்னண்டு, பதிமூணாயிரம் ஆர்.பி.எம். ஓடுங்ண்ணா.”

“பதிமூணாயிரமா? அப்ப இந்த ஃபேனுக்கு ஆட்டம் பாத்தீங்களா?”

கட்டுநர் பதில் சொல்லவில்லை. பம்பு ஷாஃப்ட்டுகளின் ஆட்டத்தை அளந்து கையெழுத்துப் போடுவதுதான் அவருடைய தினசரி வேலை. அவற்றின் வேகம் நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்குள்.

எஞ்சினின் குளோ பிளக்கைக் கழற்றி, மவுண்ட்டோடு தட்டையான பலகையில் கிளாம்ப் போட்டு, காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை நிறுத்தி, விசிறி மையத்தின் விளிம்பில் முனையை வைத்தார். கையால் மெதுவாகச் சுற்ற, முள் பன்னிரண்டு கோடு ஓடித் திரும்பியது. ஒரு கோடு 0.01 மி.மீ. ஆக 0.12. இந்த வகை எஞ்சினில் 0.05-க்கு மேல் போகவே கூடாது.

“எஞ்சின்ல குத்தம் ஒண்ணுமில்லீங்க. நீங்க மாட்டுனதுதான் சாஞ்சு நிக்குது.”

அன்றிரவு கட்டுநர் கணக்குப் போட்டார். விசிறியும் கிளச்சும் சேர்ந்து 60 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் 0.12 என்றால் மையம் 0.06 மி.மீ. விலகியிருக்கிறது. நிமிடத்துக்கு 12,750 சுற்றில், அதாவது ரோட்டர் 1,500-இல் நிற்கும்போது, அந்த விலகல் எஞ்சினைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை ஏறக்குறைய 650 கிராம் எடைக்குச் சமம். நொடிக்கு 212 முறை திசை மாறும் இழுப்பு. ஐட்லில், அதாவது எஞ்சின் சுமையின்றி மெதுவாக ஓடும்போது, 3,000 சுற்றில் அதே விலகல் 36 கிராம்தான் இழுக்கும், விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால். தரையில் ஐட்லில் கைவைத்துப் பார்த்து அதிர்வில்லை என்று நாங்கள் திருப்திப்பட்டதற்கு விளக்கம் இதுதான்.

நுரைக்கும் காரணம் அதே அதிர்வு. நுரைத்த எரிபொருளோடு காற்றும் போய் எஞ்சின் லீனாகும். டேங்க் குறையக் குறைய உள்ளே காற்றிடம் கூடி நுரையும் கூடும். அதனால்தான் பின்பாதியில் தொல்லை. ஜைரோவின் உணரியையும் அதே அதிர்வு குழப்பியது. தனித்தனியாக நாங்கள் துரத்திய இரண்டு நோய்க்கும் மூலம் ஒரே நட்டின் கீழே இருந்தது.

வால் துடுப்பின் மங்கலையும் இப்போது படிக்க முடிந்தது. மேல் ரோட்டரில் சமன் தவறினால் அதிர்வு நொடிக்கு 25 முறை. உடல் முழுவதும் குலுங்குவது கண்ணுக்கே தெரியும், துடுப்பின் ஓரம் இரண்டு மூன்று விளிம்பாகப் பிரிந்து தெரியும். எஞ்சின் பக்கத்து அதிர்வு குலுங்காது. ஓரம் பென்சில் கோட்டை விரலால் தேய்த்த மாதிரி மெல்ல மங்கும், தொட்டால் விரல் மரத்துப்போகும். என் நோட்டில் இருந்தது இரண்டாவது வகை.

பிரித்தபோது கண்டது

நட்டு கழல மறுத்தது. சூடு காட்டித்தான் கழற்ற முடிந்தது. காலெட்டின் கூம்புப் பரப்பில் ஒரு பக்கம் மட்டும் திரெட்லாக் பசை வழிந்து, உறைந்து, மெல்லிய ஏடாக நின்றிருந்தது. விசிறி மையம் அதன் மேல் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கழன்றுவிடாமல் இருக்க விட்ட பசைதான்.

கிளச்சின் இரண்டு நாக்குகளில் ஒன்று கண்ணாடியாகப் பளபளத்தது. மற்றது அதிகம் தேயவில்லை. எஞ்சின் மவுண்ட் ஸ்க்ரூ நான்கில் இரண்டு விரலாலேயே திரும்பின. பின்பக்கப் பேரிங் சுற்றும்போது கரகரத்தது. பிளேடு பிடியைப் பிரித்தபோதுதான் மாறிப்போன திரஸ்ட் வளையமும் தெரியவந்தது. ஒரு பிளேடின் தடம் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் ஒரு விரற்கடை விலகியும் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். விபத்துக்கு அதில் பங்கில்லை. ஆனால் அங்கே பந்துகள் பிதுங்கிப் பிடி கழன்றால், 600 மி.மீ. பிளேடு ஒன்று தனியாகப் பறக்கும். இந்த ஆய்வில் என்னை உண்மையில் பயமுறுத்தியது அந்த வளையம்தான்.

மறுகட்டுமானம்: ஏப்ரல், மே 2009

இந்த முறை வரிசை வேறு. முதலில் பிஸ்டன் பூட்டும் கருவி வாங்கப்பட்டது. பசை ஏட்டை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்து, காலெட்டின் பிளவோரத்தில் இருந்த சிறு பிசிறை மெல்லிய எமரித் தாளால் நீக்கினார். பசையில்லாமல் பொருத்தி அளந்தால் 0.07. விசிறி மையத்தைக் காலெட்டுக்கு எதிராகக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி பொருத்த, 0.04. அரைச் சுற்றில் 0.03. முக்கால் சுற்றில் 0.06. அரைச் சுற்று நிலையில் இரண்டு பாகத்திலும் பெயிண்ட் புள்ளி வைத்து, நட்டின் மரையில் மட்டும் ஒரே சொட்டுப் பசை விட்டு, பிஸ்டனைப் பூட்டி இறுக்கினார். இறுக்கிய பிறகும் அளந்தார், 0.03. கிளச்சின் வெளி விளிம்பில் 0.05. பட்டறைக்காரர் தலையசைத்தார், அதற்கு மேல் பேசவில்லை.

பின்பக்கப் பேரிங் புதிது. எல்லா உலோக ஸ்க்ரூவும் ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்து, பிறகு பசை. பிளாஸ்டிக்குக்குள் போகும் ஸ்க்ரூவுக்குப் பசையே கிடையாது. சில வகைப் பிளாஸ்டிக்கை அது வெடிக்கச் செய்யும். திரஸ்ட் வளையங்களின் துளையை வெர்னியரில் அளந்து, பெரியதில் மார்க்கரால் புள்ளி வைத்தார்.

இங்கே எடுத்த ஒரு முடிவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். துணை டேங்க், ஸ்பாஞ்ச், இரட்டைப் பஞ்சு டேப் ஆகியவற்றை விட்டு வைக்கலாமா, எடுக்கலாமா? இருந்தால் பாதுகாப்பு என்றார் மூத்தவர். எடுத்துவிட்டு ஓட்டினால்தான் மூலத்தைச் சரி செய்தோமா, மீண்டும் மூடி மறைத்தோமா என்று தெரியும் என்றார் கட்டுநர். தரக்கட்டுப்பாட்டுக்காரர் என்பது அன்றுதான் வெளியே வந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல், டேங்குக்கு ஒன்றாக எடுப்பது, தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் ஏறாமல் ஓட்டுவது என்று முடிவானது.

பின்விளைவு

மே கடைசியில் மூன்று காலைகளில் இது நடந்தது. முதல் டேங்க் எல்லாத் துணையோடும். இரண்டாவது துணை டேங்க் இல்லாமல். மூன்றாவது ஸ்பாஞ்ச்சும் இல்லாமல். நான்காவது ஒற்றை டேப்போடு. நான்கிலும் நுரை இல்லை. ஊசி ஒன்றேமுக்கால் சுற்றிலேயே நின்றது. பதின்மூன்று நிமிடம், டேங்கின் முதல் சொட்டு முதல் கடைசி வரை புகையின் அடர்த்தி மாறவில்லை. வால் நின்றது. வால் துடுப்பின் ஓரம் கத்தியாகத் தெரிந்தது. இதைப் பார்க்க நான் வெகுநேரம் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

துணை டேங்கை மட்டும் பிறகு மீண்டும் மாட்டினோம். அது இருப்பது நல்லதுதான், நோயை மறைக்காத வரை.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியது. ஆகஸ்ட் முடியும்வரை ஹெலிகாப்டர் அலமாரியில் இருந்தது. அதற்கு முன் எஞ்சினில் மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்த்து, பேரிங் துருப்பிடிக்காமல் எண்ணெய் விட்டு வைத்தார். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மேலும் முப்பத்து நான்கு டேங்க். நவம்பரில் ஒரு முறை தரையில் சாய்ந்து பிளேடு போனது; அது முழுக்கக் கைத் தவறு. எஞ்சின் காற்றில் நின்றது ஒரே ஒரு முறை, டேங்க் காலியாகி. அப்போது த்ராட்டிலை பிளேடு கோணத்திலிருந்து பிரித்து வைக்கும் த்ராட்டில் ஹோல்டு ஸ்விட்ச்சைத் தட்டி, கோணத்தை விடாமல் வைத்து, கடைசி அரை மீட்டரில் மட்டும் இழுத்து இறக்கினார். இடையில் கணினி சிமுலேட்டரில் அதையே நூறு முறைக்கு மேல் செய்திருந்தார்.

இனி மாற்றிச் செய்வது

அடுத்த கிட்டில் விசிறியைப் பொருத்தும் நாளன்றே அளவு எடுக்கப்படும், பசை போடுவதற்கு முன் ஒரு முறை, இறுக்கிய பின் ஒரு முறை. டயல் கேஜ் இல்லாதவர் வாங்க வேண்டும் என்றில்லை. எந்த லேத் பட்டறையிலும் டீ ஆறும் நேரத்தில் பார்த்துக் கொடுப்பார்கள்.

களத்தில் மாற வேண்டியது என் பங்கு. கண்ணில் பட்டதை எழுதுவதோடு நிற்காமல், அன்றைய ஓட்டம் முடிந்ததும் மூன்று பேரும் நோட்டை உரக்கப் படிப்பது என்று பின்னர் வழக்கமாக்கினோம். ஐந்தாவது டேங்கில் எழுதிய அந்த ஒரு வரியை அன்றே படித்திருந்தால், ஆறு டேங்க் எரிபொருளும் ஒரு வால் குழாயும் மிஞ்சியிருக்கும். ஒரு அறிகுறிக்கு மருந்து கொடுத்து அது பாதி குறைந்தால், அடுத்த மருந்தைத் தேடாமல் ஓட்டத்தை நிறுத்துவது என்றும் முடிவு செய்தோம். இதைக் கடைப்பிடிப்பது சொல்வதைவிடக் கடினம். விடிகாலை ஐந்துக்கு எழுந்து முப்பது கிலோமீட்டர் வந்தவர்களுக்கு, ஊசியைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை பார்க்கலாம் என்றுதான் தோன்றும்.

ஒன்று மட்டும் எங்களுக்குள் இன்னும் முடியாத பேச்சு. மவுண்ட் ஸ்க்ரூ இரண்டும் அதிர்வால் தளர்ந்தனவா, அல்லது எண்ணெய்ப் பூச்சால் முன்பே தளர்ந்து அதிர்வைக் கூட்டினவா? மூத்தவர் ஸ்க்ரூதான் முதலில் என்கிறார். கட்டுநர் 0.12-ஐக் காட்டுகிறார். நான் கட்டுநர் பக்கம் சாய்கிறேன், ஆனால் விழுவதற்கு முன் ஒரு முறைகூட யாரும் அந்த நான்கு ஸ்க்ரூவில் ஆலன் கீயை வைத்துப் பார்க்கவில்லை.